நெடுந்தீவில் ஒரு நாள்



"வெளிநாடு போறோம்" என்று நான் சொன்னதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிங்கப்பூரா, துபாயா என்றுதான் கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றேன். "அதுக்கெதுக்குங் பாஸ்போர்ட்டு?" என்று சிரித்தாள் எதிர்வீட்டு அம்மிணி. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் திருப்பதிதான். அதனால் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் இந்த முறை நான் விடவில்லை.

யாழ்ப்பாணம் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம், எனக்கு ஜாக்கெட் தைத்துத் தரும் தோழி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பூலுவபட்டி இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறாள். சொந்த ஊர் நெடுந்தீவு. 1990ல் பத்து வயதில் அப்பா அம்மாவோடு படகேறி வந்தவள், இன்றுவரை திரும்பிப் போகவில்லை. போனால் மறுபடி இங்கே வர முடியுமா, இங்கே பிறந்த பிள்ளைகள் கதி என்ன என்று ஆயிரம் கவலை. பட்டன் கட்டிக்கொண்டே தீவைப் பற்றிப் பேசுவாள். காட்டுக் குதிரை, கல் வேலி, அவள் அப்பா வேலி அடுக்கும்போது பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுத்தது, இப்படி. நாங்கள் போகிறோம் என்றதும் ஒரு தையல் பில்லின் பின்பக்கத்தில் வீட்டுக்கு வழி வரைந்து கொடுத்தாள். "வீடு நிக்குதோ எண்டு மட்டும் பாத்து வாங்கோ அக்கா" என்றாள்.

ரயிலில் தஞ்சாவூர், அங்கிருந்து பஸ்ஸில் நாகப்பட்டினம். 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் விட்ட கப்பலில் காங்கேசன்துறைக்கு நாலு மணி நேரம். காங்கேசன்துறை என்று கேட்டதும் அவருக்கு ஒரே சிரிப்பு. அவர் பிறந்தது காங்கேயம் பக்கம்! நாங்கள் போனது 2025 மார்ச்சில்.

மறுநாள் விடியற்காலையிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போய்விட்டோம். வழியெல்லாம் இரண்டு பக்கமும் கடல், நடுவில் கோடு போட்ட மாதிரி ரோடு. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் படகு. எனக்குக் கடல் பயம். அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எதிரில் கோழிக்குஞ்சுக் கூடையோடு இருந்த ஒரு பாட்டி, "பயப்பிடாதையுங்கோ பிள்ளை, நாங்கள் ஒவ்வொரு கிழமையும் போறனாங்கள்" என்றார். அவருக்குக் கடைக்குப் போகிற மாதிரிதான் இது.

இறங்கும் மாவிலித்துறையிலேயே ஒரு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15ஆம் தேதி, இந்தத் தீவிலிருந்து கிளம்பிய குமுதினி என்ற படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். நாங்கள் வந்ததும் அதே கடல்தானே. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

ஒரு ஆட்டோ பேசிக்கொண்டோம். முதலில் டச்சுக்காரர் கோட்டை. டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரையே இந்தத் தீவுக்கு வைத்தவர்கள் அவர்கள்தான். கடலில் கிடைக்கும் முருகைக்கல்லால் (பவளப் பாறைதான்) கட்டிய சுவர்கள் இடிந்து கிடக்கின்றன. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோட்டை அவ்வளவாக மனதில் நிற்கவில்லை. கடிதம் கொண்டுபோகும் புறாக்களுக்காகக் கட்டிய புறாக்கூடு அழகு. அதைவிட அழகு பெருக்கு மரம். அரபு வியாபாரிகள் கொண்டுவந்தது என்கிறார்கள். அடிமரத்தில் உள்ள பொந்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம், ஆட்டோக்காரர் போட்டோ எடுத்தார். கல்யாண போட்டோவுக்கு அப்புறம் நாங்கள் ஒட்டி நின்ற போட்டோ இது ஒன்றுதான்!

வெட்டவெளியில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நம்மூர் ஜட்கா வண்டிக் குதிரையை விடக் குட்டை. வெள்ளைக்காரர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்த்தாராம். அவர்கள் போனபின் கேட்பாரில்லாமல் காட்டுக் குதிரையாகிவிட்டன. கட்டுத்தறி கிடையாது, தீவனம் வைக்க ஆள் கிடையாது. கடும் வறட்சியில் தண்ணீரில்லாமல் சாவதும் உண்டு என்று ஆட்டோக்காரர் சொன்னார். மாட்டுச் சந்தையிலேயே வளர்ந்த என் வீட்டுக்காரர் ஒரு குதிரையைச் சுற்றிவந்து, "விலாவெலும்பை எண்ணிப்போடலாம் போலிருக்குதே" என்று நொந்துகொண்டார்.

எனக்கு மட்டும் மனசெல்லாம் அந்தத் தையல் பில்லில்தான். எடுத்து நீட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்புள்ள, ஊரு பாக்க வந்தமா, ஊடு தேட வந்தமா? மூணு மணிப் படகை உட்டா இந்தக் குதிரைகூடத்தான் படுத்துக்கோணும்" என்றார். வெயில் வேறு. நானும் விடவில்லை. "இத்தனை வருஷத்துல உங்களை ஒண்ணு கேட்டிருக்கனாங்?" என்றேன். கேட்டிருக்கிறேன்தான், இருந்தாலும் அப்போது அப்படித்தான் வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

பிள்ளையார் கோவில், பூவரசு, நாலாவது ஒழுங்கை (சந்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்). பில்லில் இருந்த பூவரசு இல்லை. ஆட்டோக்காரர் இறங்கி ஒரு பெரியவரிடம் விசாரித்தார். "ஓம், அவையள் இந்தியாவுக்குப் போனவையெல்லோ" என்று அவர் கைகாட்டிய இடத்தில் இரண்டு சுவரும் ஒரு வாசல்படியும்தான் நின்றன. கூரை இல்லை. சமையலறை இருந்த இடத்தில் எருக்கு முளைத்திருந்தது. கிணற்றில் ஒரு சின்னக் கல்லைப் போட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஆனால் வேலி இருந்தது சகோதரிகளே! இடுப்பு உயரத்துக்கு, சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே கட்டிய வேலி. அந்தத் தீவு முழுக்க இப்படித்தான். மாடு புகாமல் இருக்க நாம் கொறங்காட்டுக்குக் கிளுவை முள் வேலி வைப்போமே, அங்கே அதற்குக் கல். வீடு போய்விட்டது, வேலி காவல் காத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு இடத்தில் மட்டும் சரிந்து வழி விட்டிருந்தது.

நான் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம். திரும்பினால், என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சரிந்த கல்லைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருக்கிறார்! "ஏனுங்க, படகு?" என்றேன். "இருபுள்ள, மாடு பூந்துரும்ல" என்றார். உள்ளே மாடு மேய்வதற்கு ஒன்றுமே இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு கல் எடுத்துக் கொடுத்தேன். ஆட்டோக்காரரும் நாலு கல் வைத்தார். கடைசியில் வண்டிக்காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு: விசாவை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். குடிதண்ணீரும் தொப்பியும் கட்டாயம், தீவில் நிழல் குறைவு. திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். நாங்கள் ஓடித்தான் பிடித்தோம்.

ஊருக்கு வந்த மறுநாளே முகாமுக்குப் போனோம். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் போனை வாங்கி, வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வாசல்படியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. வேலிப் படம் வந்ததும் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"இந்த இடத்தில கல்லு அடுக்கினது ஆர் அக்கா? எங்கட ஆக்கள் இப்பிடி வைக்கமாட்டினம். பெரிய கல்லெல்லோ கீழ வைக்கோணும்" என்றாள்.

வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, உங்க வேலையில குத்தம் சொல்றாங்க, வந்து கேளுங்க" என்றேன்.

– ஒரு வாசகி, தொண்டாமுத்தூர்.