வண்டியேறும் பட்டறை: கருவி தேர்வோர்க்குச் சில குறிப்புகள்

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்குப் பாட்டன் தேடி வைத்த நிலம் இல்லை. கடைத்தெருவில் தலைமுறைக் கடையும் இல்லை. கையில் கற்ற தொழில் ஒன்றே நிலமும் கடையும் ஆகும். காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய வட்டாரங்களில் வாழும் நம் இளைஞர் பலர் இரும்பு வேலையில் தேர்ந்தவர்கள். அவர்களுள் சிலர், பிறர் பட்டறையில் நாட்கூலிக்கு நிற்பதை விடுத்துச் சிறு லாரி ஒன்றில் வெல்டிங் கருவிகளை ஏற்றி, வேலை உள்ள இடத்திற்கே சென்று செய்து தரலாம் என்று எண்ணுகின்றனர். எண்ணம் நன்று. ஆயின் அதற்கு ஈடாக வைக்கப்படுவது பெரும்பாலும் இல்லத்தரசியின் நகையும், பல ஆண்டுச் சேமிப்பும், வங்கிக் கடனும் ஆகும். ஆகவே எக்கருவியை வாங்குவது என்னும் கேள்வி குடும்பம் முழுமையும் கூடி ஆராய வேண்டியதொன்று என்று கருதி, இக்கட்டுரையை வரைகின்றோம்.

வேலை எங்கே உள்ளது?

கருவியைப் பற்றி எண்ணுமுன் நாட்டைப் பார்த்தல் வேண்டும். 1958-இல் முடிவுற்ற நெய்யாறு அணைக்குச் செல்லும் வழியில் உள்ளது காட்டாக்கடை. சுற்றிலும் மேடும் பள்ளமுமான நிலம்; ரப்பர்த் தோட்டங்கள்; ஆங்காங்கே கருங்கல் குவாரிகள். ரப்பர்ப் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் ரோலர்கள் தோட்டத்துக் கொட்டகைகளில் நிற்கின்றன. அவற்றின் சட்டமோ பல்சக்கரமோ உடைந்தால், அக்கனத்த இயந்திரத்தைக் கழற்றிக் கடைத்தெருவிற்குக் கொண்டு வருதல் எளிதன்று. டிப்பர் லாரியின் தொட்டி, மண்வெட்டி இயந்திரத்தின் வாளி, வீட்டு வாயிற்கதவு, கிரில், மாடிக்கு மேல் போடும் தகரக் கூரை ஆகியனவும் நின்ற இடத்திலேயே செய்ய வேண்டிய வேலைகளே. வண்டியேறும் பட்டறைக்கு இங்கு இடம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்ததே ஒழிய, பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மக்களின் கொள்வினை கொடுப்பினை நின்றபாடில்லை. இவ்வண்டிக்கும் இருபுறமும் வேலை கிடைக்கும். அதற்கேற்ற வண்டியைத் தேர்வது எப்படி என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இயந்திரமும் மின்சாரமும்

பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் இயந்திரம் உழைப்பில் உறுதியானது. பழுதானாலும் உள்ளூரிலேயே சரி செய்து கொள்ளலாம். ஆனால் கனம் மிகுதி. மின்சாரத்தையும் மிகுதியாக விழுங்கும். வண்டியேறும் தொழிலுக்கு இன்வெர்ட்டர் இயந்திரமே ஏற்றது. ஒரு கையால் தூக்கிப் படியேறலாம். நேர்மின்னோட்டம் தருவதால் பொறி நிலைத்து எரியும்.

விற்பவர் 200 ஆம்பியர் என்று பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருப்பதைக் காட்டுவார். அதைக் கண்டு மயங்கலாகாது. இயந்திரத்தின் மேல் பதித்துள்ள தகட்டில் ‘டியூட்டி சைக்கிள்’ என்னும் கணக்கைப் பார்த்தல் வேண்டும். 200 ஆம்பியர், 60 விழுக்காடு என்றிருப்பின், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அவ்வேகத்தில் எரிக்கலாம்; நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். இடைவிடாது எரிப்பதாயின் ஏறத்தாழ 155 ஆம்பியரே அதன் உண்மை வலிமை. 35 விழுக்காடு என்றிருந்தால் அது 118 ஆம்பியராகக் குறையும். தகட்டில் இக்கணக்கே இல்லாத இயந்திரத்தை வாங்காதிருத்தல் நலம்.

அடுத்து, மின்சாரம் எங்கிருந்து வரும்? இதுவே இத்தொழிலின் முடிச்சு. வேலைக்கு அழைத்தவர் வீட்டில் இருப்பது பெரும்பாலும் 230 வோல்ட் ஒற்றை பேஸ் இணைப்பு. அங்குள்ள பெரிய பிளக்கு தாங்குவது 16 ஆம்பியர். இனி ராடு ஒவ்வொன்றும் கேட்கும் மின்சாரத்தைக் கணக்கிடுவோம். 2.5 மில்லிமீட்டர் ராட்டை 80 ஆம்பியரில் எரித்தால், சாதாரண இன்வெர்ட்டர் வீட்டு இணைப்பிலிருந்து சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். இது பிளக்குக்குள் அடங்கும். 3.15 மில்லிமீட்டர் ராட்டை 110 ஆம்பியரில் எரித்தால் சுமார் 20 ஆம்பியர், அடங்காது. 4 மில்லிமீட்டர் ராட்டை 160 ஆம்பியரில் எரித்தால் 31 ஆம்பியர், எண்ணவே வேண்டாம். பியூஸ் போவதோடு நில்லாமல், பழைய வயரிங் சூடேறி அவ்வீட்டிற்கே தீங்கு நேரலாம்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. ‘பவர் பேக்டர்’ திருத்தம் செய்யப்பட்ட இன்வெர்ட்டர்கள் சற்று விலை கூடியவை. சாதாரண இயந்திரம் வீணே அலையவிடும் மின்னோட்டத்தை இவை குறைத்து விடுகின்றன. இவ்வகை இயந்திரத்தில் 3.15 ராடும் 14 ஆம்பியர் அளவிலேயே எரியும். அதாவது வீட்டு இணைப்பிலேயே வேலை முடியும். கிரில், கதவு, கூரை வேலைகளுக்கு 2.5-உம் 3.15-உமே போதும் ஆதலால், கூடுதலாகக் கொடுத்த விலை ஜெனரேட்டர் எரிபொருளில் விரைவிலேயே திரும்பி வரும்.

தோட்டத்திலும் குவாரியிலும் மின் இணைப்பு இராது. இருந்தாலும் வோல்டேஜ் தாழ்ந்து நிற்கும். அங்கு ஜெனரேட்டர் இன்றியமையாதது. மேற்கண்ட கணக்கின்படி, சாதாரண இன்வெர்ட்டரில் 3.15 ராடு எரிக்க 4.5 கே.வி.ஏ.-உம், 4 மில்லிமீட்டர் ராடு எரிக்க 7 கே.வி.ஏ.-உம் வேண்டும். ஆகவே, ‘ஐந்து கே.வி.ஏ. போதும்’ என்று வாங்கியவர் குவாரி வேலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்ப நேரும். 7.5 கே.வி.ஏ.-க்குக் குறையாமல் வாங்குவதே முறை. ஜெனரேட்டரை அடைத்த கொட்டகைக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள நச்சுக் காற்று மணமின்றியே உயிர் பறிக்கும்.

கேபிளும் ராடும்

இயந்திரத்திற்குப் பல்லாயிரம் செலவிடுவோர் கேபிளில் சிக்கனம் பிடிப்பதைக் காண்கின்றோம். வண்டி சாலையில் நிற்க, வேலை இருபது மீட்டர் தள்ளி மேட்டில் இருக்கும். போகவும் வரவும் நாற்பது மீட்டர் செம்புக் கேபிள். 35 சதுர மில்லிமீட்டர் கேபிளாயின் 150 ஆம்பியரில் மூன்று வோல்ட் இழப்போடு போகும். 16 சதுர மில்லிமீட்டராயின் ஆறரை வோல்ட் இழப்பாகும், கேபிளும் கொதிக்கும், பொறியும் தளரும்.

ராடு வாங்குவதில் மழையை மறத்தலாகாது. இடவப்பாதியும் துலாமழையுமாக ஆண்டில் இரு பருவம் இங்குப் பெய்கின்றது. பொது வேலைக்குரிய 6013 வகை ராடு சிறிது ஈரத்தைப் பொறுக்கும். பாரம் தாங்கும் உறுப்புகளுக்குரிய 7018 வகை பொறாது. ஈரமேறிய ராட்டால் வைத்த பற்று, மேலே அழகாகத் தோன்றினும் உள்ளே வெடிப்புக்கு இடந்தரும். அவற்றை 300 முதல் 350 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் உலர்த்தி, மூடிய சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்தாளல் வேண்டும்.

ரப்பர் ரோலரின் உறுப்புகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதற்குச் சாதாரண ராடு உதவாது. நிக்கல் ராடு வேண்டும். ஒரே மூச்சில் நீளப் பற்றாமல், ஓர் அங்குல அளவில் சிறிது சிறிதாகப் பற்றி, ஒவ்வொன்றையும் சூட்டோடு சிறு சுத்தியலால் தட்டி, முடிந்தபின் சாம்பலிலோ மணலிலோ மூடி மெல்ல ஆறவிடல் வேண்டும். நிக்கல் ராடு விலை மிகுந்தது. ஆனால் ஒரு சிறு பொட்டலம் வண்டியில் இருந்தால், மற்றவர் மறுத்த வேலை நம்மவர்க்குக் கிடைக்கும்.

கேஸ் கட்டிங்

ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டுவதில்லை. கிரைண்டரே பெரும்பாலான வெட்டு வேலைக்குப் போதும். டிப்பர், குவாரி வேலை நிலைபெற்ற பின் வாங்கலாம். நிறைந்த ஆக்ஸிஜன் சிலிண்டரில் 150 கிலோகிராம் அளவு அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அடைபட்டுள்ளது. வால்வு முறிந்தால் அது பீரங்கிக் குண்டாகப் பாயும். ஆகவே நிமிர்த்தி, சங்கிலியால் பிணைத்து, மூடி திருகி, காற்றோட்டமுள்ள திறந்த தொட்டியில் மட்டுமே ஏற்றல் வேண்டும். ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளியும் படலாகாது. பட்டால் தானே தீப்பற்றும். குழாய்களில் தீ திரும்பி ஓடாமல் தடுக்கும் ‘பிளாஷ்பேக் அரெஸ்டர்’ கட்டாயம் வேண்டும். சமையலறைச் சிலிண்டரைத் தொழிலுக்கு எடுத்தல் சட்டத்திற்கும் மாறு.

வண்டி

சுமையைக் கூட்டிப் பார்த்த பின்னரே வண்டியைத் தேர்தல் வேண்டும். ஜெனரேட்டர் அதன் அமைப்புக்கேற்ப 100 கிலோவிலிருந்து பல நூறு கிலோ வரை கனக்கும். சிலிண்டர், கேபிள், இரும்பு, இரண்டு ஆட்கள் எல்லாம் கூடினால் சிறிய வண்டி மேட்டில் திணறும். மற்றொரு புறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுப்படி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. எல்லையின் இருபுறமும் தொழில் செய்ய நினைப்பவர்க்கு இது பெரிய வசதி. பதிவுப் புத்தகத்தில் மொத்த எடை எவ்வளவு என்று பார்த்தே முன்பணம் கொடுக்கவும். தொட்டியை வெட்டி, அலமாரி பற்றி, வண்டியின் அமைப்பை மாற்ற நினைப்பவர் 52-ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் ஒப்புதலை முன்னரே பெற வேண்டும். கழற்றி மாட்டும் பெட்டிகளாகச் செய்து கொள்வது பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

உயிர்க்காப்பு

மழையில் நனைந்த உடலுக்கு மின்னதிர்ச்சி கொடிது. உலர்ந்த தோலுறை, ரப்பர் அடிச் செருப்பன்று, மூடிய காலணி, 10 அல்லது 11-ஆம் எண் கண்ணாடியுள்ள முகக்கவசம், தீயணைக்கும் கருவி ஆகியவை பட்டியலின் தலையில் நிற்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகரத்தைப் பற்றும்போது எழும் வெண்புகை இரவில் காய்ச்சல் கொணரும். பூச்சைத் தேய்த்து நீக்கிக் காற்று வரும் பக்கம் நின்று செய்க. டீசல் தொட்டியைக் காலியென்று நம்பிப் பற்ற முனையாதீர். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். லாரியில் வேலை செய்யுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுக.

எதை முதலில் வாங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிப் பூசை போடுவது கண்ணுக்கு அழகு, குடும்பத்திற்கு ஆபத்து. நாம் கூறும் வரிசை இதுவே. முதலில் நல்ல இன்வெர்ட்டர், தடித்த கேபிள், கிரைண்டர், காப்புக் கருவிகள். இவற்றை வாடகை வண்டியில் ஏற்றி வீட்டு வேலைகளைச் செய்க. ஜெனரேட்டர் வேண்டிய நாளில் வாடகைக்கு எடுக்க. ஆறு மாதம் ஒரு குறிப்பேட்டில், வந்த அழைப்பு, போன தொலைவு, எரித்த ராடு, மறுக்க நேர்ந்த வேலை ஆகியவற்றை நாள்தோறும் எழுதுக. அவ்வேட்டை இல்லத்தார் எழுதினால் இன்னும் நன்று. எந்த அளவு ஜெனரேட்டர், எந்த வண்டி, கேஸ் வேண்டுமா என்பதற்கு அவ்வேடே விடை கூறும். கடனுக்குச் செல்லும்போதும் அதுவே நற்சான்று. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு தொழிலுக்கு வங்கிகள் கடன் வழங்குகின்றன. வேலைக் கணக்கு கையிலிருப்பவர் மேலாளர் முன் தலைநிமிர்ந்து பேசலாம்.

முறையான பயிற்சி பெறாத இளைஞர், தனுவச்சபுரம் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் கற்றுச் சான்று பெறுதல் நலம். சான்றிதழ் கையைத் திருத்துவதோடு பிறர் நம்பிக்கையையும் ஈட்டித் தரும்.

கருவி வேலையைத் தேடித் தராது. வேலையே கருவியைத் தேர்ந்து தரல் வேண்டும். இதனை உணர்ந்து அடியெடுத்து வைக்கும் குடும்பத்தின் நகை அடகுக் கடையில் நெடுநாள் தங்காது என்பது நம் துணிபு. புதிதாக முனையும் இளைஞர்கள் இவ்வேட்டைத் தொடங்கிச் சங்கக் கூட்டத்திற்குக் கொண்டு வருவார்களாக. முன்னரே இத்தொழிலில் உள்ள அன்பர்கள் அதனைப் பார்த்து நல்வழி கூறுவார்களாக.