சொந்த மண்ணில் டெஸ்ட் தொடர்: இந்திய அணித் தேர்வு ஏன் ஓயாத விவாதமாகிறது?

இந்திய ஆடவர் கிரிக்கெட் அணி, 2025 நவம்பர் வரை சொந்த மண்ணில் விளையாடிய கடைசி 7 டெஸ்ட் ஆட்டங்களில் 5-இல் தோல்வியடைந்தது. 2024 அக்டோபர்-நவம்பரில் நியூஸிலாந்திடம் 0-3 என்ற கணக்கிலும், 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிடம் 0-2 என்ற கணக்கிலும் தொடரை இழந்தது. இடையில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிரான 2 ஆட்டங்களில் மட்டுமே வெற்றி கிட்டியது.

2012 டிசம்பரில் இங்கிலாந்திடம் 1-2 என்ற கணக்கில் தோற்ற பிறகு, தொடர்ந்து 18 உள்நாட்டுத் தொடர்களை வென்ற அணி இது. அந்த நீண்ட வெற்றிப் பயணத்தின்போது அணித் தேர்வு குறித்த முணுமுணுப்புகள் வெற்றியின் ஆரவாரத்தில் அடங்கிவிட்டன. இப்போது அவ்வாறில்லை. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், ஏன் என்ற கேள்விகள் ஒவ்வொரு தொடருக்கு முன்பும் பின்பும் எழுகின்றன. இந்த விவாதத்தின் அடிப்படைகளைப் பார்ப்போம்.

அணியைத் தேர்வு செய்வது யார்?

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் (பிசிசிஐ) 5 பேர் கொண்ட மூத்தோர் தேர்வுக் குழு அணியை அறிவிக்கிறது. குறைந்தது 7 டெஸ்ட் ஆட்டங்களிலோ, 30 முதல் தர ஆட்டங்களிலோ, அல்லது 10 ஒருநாள் ஆட்டங்களுடன் 20 முதல் தர ஆட்டங்களிலோ விளையாடியிருப்பதும், ஓய்வுபெற்று 5 ஆண்டுகள் நிறைவடைந்திருப்பதும் குழு உறுப்பினருக்கான தகுதிகளாகும். மண்டலத்துக்கு ஒருவர் என்பது நீண்டகால வழக்கம். 2023 ஜூலையில் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் அஜித் அகர்கர் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டார்.

கேப்டன், தலைமைப் பயிற்சியாளர் ஆகியோரின் கருத்தைக் கேட்டறிந்த பின்னர், 15 அல்லது 16 பேர் கொண்ட அணியைத் தேர்வுக் குழு இறுதி செய்கிறது. ஆனால், அவர்களில் களமிறங்கும் 11 பேர் யார் என்பதைத் தீர்மானிப்பது கேப்டனும் பயிற்சியாளரும் அடங்கிய அணி நிர்வாகமே. பொதுவெளியில் நடைபெறும் விவாதங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஒரு வீரர் அணியிலேயே இடம்பெறாததற்குத் தேர்வுக் குழுவும், அணியில் இருந்தும் களமிறக்கப்படாததற்கு அணி நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ரஞ்சி ரன்களுக்கு மதிப்பு என்ன?

விவாதத்தின் மையமே இந்தக் கேள்விதான். வெளிநாட்டுத் தொடருக்கு அணியைத் தேர்வு செய்யும்போது, உள்நாட்டு ஆடுகளங்களில் குவித்த ரன்கள் அங்கு உதவுமா என்ற ஐயத்துக்கு இடமுண்டு. உள்நாட்டுத் தொடருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அதே மைதானங்களில், அதே பருவநிலையில் விளையாடப்படும் ரஞ்சி கோப்பையில் சாதித்தவருக்கு இங்கும் இடமில்லையென்றால், வேறு எங்கு இடம் கிடைக்கும் என்பது வீரர்கள் தரப்பின் நியாயமான கேள்வி.

மும்பை வீரர் சர்ஃபராஸ் கான் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 2019-20 ரஞ்சி பருவத்தில் 928 ரன்களும், 2021-22 பருவத்தில் 982 ரன்களும் குவித்த அவருக்கு, 2024 பிப்ரவரியில்தான் இந்திய அணிக் கதவு திறந்தது. அதுவும், இங்கிலாந்துக்கு எதிரான தொடரிலிருந்து விராட் கோலி விலகி, கே.எல். ராகுல் காயமடைந்த பிறகு. ராஜ்கோட்டில் அறிமுகமான அவர் 62 ரன்களும், ஆட்டமிழக்காமல் 68 ரன்களும் எடுத்தார். அதே ஆண்டு பெங்களூரில் நியூஸிலாந்துக்கு எதிராக 150 ரன்கள் விளாசினார். ஆனால், அத்தொடரின் அடுத்த 4 இன்னிங்ஸ்களில் சேர்த்து அவர் எடுத்தது 21 ரன்கள் மட்டுமே. 6 டெஸ்ட்களில் 371 ரன்கள் என்ற கணக்குடன், 2025 இங்கிலாந்து சுற்றுப்பயண அணியில் இடமிழந்தார். சொந்த மண்ணில் நடைபெற்ற அடுத்த இரு தொடர்களிலும் அவர் பெயர் இல்லை.

கருண் நாயரின் அனுபவம் இன்னும் விசித்திரமானது. 2016 டிசம்பரில் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 ரன்கள் எடுத்தார். அடுத்த டெஸ்டிலேயே அவருக்கு இடமில்லை. காயத்திலிருந்து மீண்ட அஜிங்க்ய ரஹானே தனது இடத்துக்குத் திரும்பியதே காரணம். மூத்த வீரர் காயத்தால் இடத்தை இழக்கக் கூடாது என்ற கொள்கையில் நியாயம் இருந்தது. முச்சதம் அடித்தவரை வெளியே அமர்த்துவதில் நியாயம் இல்லை என்ற வாதத்திலும் வலு இருந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 3 ஆட்டங்களில் வாய்ப்புப் பெற்ற நாயர், அதன் பின் 8 ஆண்டுகள் காத்திருந்தார். 2024-25 ரஞ்சி பருவத்தில் விதர்பா அணிக்காக 863 ரன்கள் குவித்து, அந்த அணி கோப்பையை வெல்ல உதவியதால் 2025 இங்கிலாந்து தொடரில் மீண்டும் வாய்ப்புப் பெற்றார். அங்கு 4 ஆட்டங்களில் 205 ரன்கள் எடுத்த அவர், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான உள்நாட்டுத் தொடருக்குத் தேர்வாகவில்லை. அவரிடம் கூடுதலாக எதிர்பார்த்ததாக அகர்கர் விளக்கமளித்தார்.

இது இன்றைய பிரச்னை மட்டுமன்று. ரஞ்சி கோப்பையில் 637 விக்கெட்டுகள் வீழ்த்திய ராஜிந்தர் கோயல், ஒரு டெஸ்டில்கூட விளையாடவில்லை. முதல் தர கிரிக்கெட்டில் 11,000 ரன்களுக்கு மேல் எடுத்த அமோல் மஜும்தாரும் அவ்வாறே. தமிழகத்தின் எஸ். பத்ரிநாத் முதல் தர கிரிக்கெட்டில் 10,000 ரன்களைக் கடந்தவர். 2010-இல் நாகபுரியில் அறிமுக டெஸ்டிலேயே 56 ரன்கள் எடுத்தவர். அவருக்குக் கிடைத்தவை 2 டெஸ்ட்கள். அவர்கள் காலத்தில் பிஷன் சிங் பேடி, திராவிட், லக்ஷ்மண் போன்றோர் அதே இடங்களில் இருந்தனர் என்பது ஓரளவுக்குச் சமாதானம். இப்போது அத்தகைய ஜாம்பவான்கள் ஓய்வுபெற்றுவிட்ட நிலையிலும் உள்நாட்டுச் சாதனையாளர்கள் காத்திருப்பதுதான் விவாதத்தைக் கூர்மையாக்குகிறது.

தேர்வுக் குழுவின் தரப்பு

தேர்வுக் குழுவுக்கும் ஒரு தரப்பு உண்டு. ரன் எண்ணிக்கை மட்டுமே அளவுகோலாக இருந்தால், தேர்வுக் குழு தேவையில்லை. புள்ளிவிவரப் பட்டியலே போதும். எத்தகைய பந்துவீச்சுக்கு எதிராக, எந்த நெருக்கடியில் எடுக்கப்பட்ட ரன்கள் என்பதைக் கண்டறிவதே குழுவின் பணி.

துருவ் ஜுரெலின் தேர்வு இதை உணர்த்துகிறது. 2024 ஜனவரியில் இங்கிலாந்து தொடருக்கான அணியில் சேர்க்கப்பட்டபோது, 20-க்கும் குறைவான முதல் தர ஆட்டங்களில்தான் அவர் விளையாடியிருந்தார். விக்கெட் கீப்பராக முதல் இரு டெஸ்ட்களில் கே.எஸ். பரத் களமிறங்கினார், மூன்றாவது டெஸ்டில் ஜுரெலுக்கு வாய்ப்பு வந்தது. ராஞ்சியில் நடைபெற்ற நான்காவது டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 90 ரன்கள் எடுத்து அணியை மீட்ட அவர், 192 ரன்கள் இலக்கைத் துரத்திய இந்தியா 5 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியபோது, ஷுப்மன் கில்லுடன் இணைந்து ஆட்டமிழக்காமல் 39 ரன்கள் சேர்த்து வெற்றி தேடித் தந்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே.

அத்தொடரில் ரஜத் பட்டிதார், சர்ஃபராஸ், ஜுரெல், ஆகாஷ் தீப், தேவ்தத் படிக்கல் என 5 பேர் அறிமுகமாயினர். முதல் ஆட்டத்தில் தோற்றும் தொடரை இந்தியா 4-1 என வென்றது. அறிமுகமான ஐவரில் பட்டிதாரைத் தவிர அனைவரும் முதல் வாய்ப்பிலேயே ஏதோ ஒரு வகையில் முத்திரை பதித்தனர். உள்நாட்டுத் தொடரில் புதியவர்களை நம்பலாம் என்பதற்கு அண்மைக்காலத்தின் வலுவான சான்று அது.

எத்தனை சுழற்பந்து வீச்சாளர்கள்?

உள்நாட்டுத் தொடரில் அணியின் சேர்க்கையும் ஆடுகளத்தின் தன்மையும் பிரிக்க முடியாதவை. எத்தகைய ஆடுகளம் தேவை என்பதில் நடத்தும் அணிக்குச் செல்வாக்கு உண்டு. எனவே, அணித் தேர்வில் நேரும் பிழைக்கு ஆடுகளத்தின் மீது பழிபோட இயலாது.

2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது இதற்குச் சான்று. ஜடேஜா, அக்ஷர் படேல், குல்தீப் யாதவ், வாஷிங்டன் சுந்தர் என 4 சுழற்பந்து வீச்சாளர்களுடன் இந்தியா களமிறங்கியது. இதற்காக, மூன்றாம் வரிசை பேட்டர் சாய் சுதர்சன் நீக்கப்பட்டு, வாஷிங்டன் அந்த இடத்தில் இறக்கப்பட்டார். 124 ரன்கள் இலக்கைத் துரத்திய இந்தியா 93 ரன்களுக்குச் சுருண்டது. கழுத்துக் காயத்தால் கேப்டன் கில் பேட் செய்ய இயலாமல் போனதும் ஒரு காரணம். கேட்ட ஆடுகளமே கிடைத்தது என்று தலைமைப் பயிற்சியாளர் கௌதம் கம்பீர் ஆட்டத்துக்குப் பின் கூறினார். தென்னாப்பிரிக்க சுழற்பந்து வீச்சாளர் சைமன் ஹார்மர் அந்த ஆட்டத்தில் 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

பந்து அளவுக்கு மீறித் திரும்பும் ஆடுகளம், இரு அணிகளின் சுழற்பந்து வீச்சாளர்களுக்கும் இடையே உள்ள தர வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. 2017-இல் புணேயில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓ'கீஃப் 12 விக்கெட்டுகளும், 2024-இல் அதே மைதானத்தில் நியூஸிலாந்தின் மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட்டுகளும் வீழ்த்தினர். அஸ்வின், ஜடேஜா ஆகியோருக்கு இணையாக இவர்களை யாரும் முன்பு மதிப்பிட்டதில்லை. ஆடுகளம் அவர்களுக்கும் கைகொடுத்தது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நீண்டகாலமாக அஸ்வின், ஜடேஜா, அக்ஷர் ஆகிய மூவரும் பந்துவீச்சுடன் பேட்டிங்கிலும் வலு சேர்த்ததால், முன்வரிசை சரிந்தாலும் பின்வரிசை அணியைத் தாங்கியது. 537 விக்கெட்டுகளுடன் அஸ்வின் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அதே பின்வரிசை வலிமையைத் தக்கவைக்க ஆல்ரவுண்டர்களுக்கு முன்னுரிமை அளிக்கும்போது, தனித்திறன் வாய்ந்த பேட்டருக்கான இடமோ, வேகப்பந்து வீச்சாளருக்கான இடமோ குறைகிறது.

மூன்றாம் இடத்தின் புதிர்

சேதேஷ்வர் புஜாரா 2023 ஜூனில் கடைசி டெஸ்டில் விளையாடிய பிறகு, மூன்றாம் வரிசையில் கில் நிலைபெறுவார் எனக் கருதப்பட்டது. 2025-இல் ரோஹித் சர்மாவும் கோலியும் ஓய்வுபெற்றபின் கில் நான்காம் இடத்துக்கு நகர்ந்தார். அதன்பின் அந்த இடத்தில் சாய் சுதர்சன், கருண் நாயர், வாஷிங்டன் என மாறிமாறி இறங்கினர். கொல்கத்தாவில் மூன்றாவதாக இறங்கி 29, 31 ரன்கள் எடுத்த வாஷிங்டன், அடுத்த வாரமே குவாஹாட்டியில் எட்டாம் இடத்துக்கு அனுப்பப்பட்டார். சுதர்சன் மீண்டும் சேர்க்கப்பட்டார். அந்த ஆட்டத்தில் இந்தியா 408 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது.

இருவருமே தமிழக வீரர்கள் என்பதால், இங்குள்ள ரசிகர்களுக்கு இது ஒருவரை ஆதரித்து மற்றவரை எதிர்க்கும் விஷயமன்று. ஓர் ஆட்டத்தில் நீக்கப்பட்டு அடுத்த ஆட்டத்தில் அழைக்கப்படும் இளம் பேட்டரும், வாரந்தோறும் வரிசை மாறும் ஆல்ரவுண்டரும் தங்கள் பணி என்னவென்று எவ்வாறு அறிவார்கள் என்பதே கேள்வி.

உடல்தகுதியும் தகவல் தொடர்பும்

229 டெஸ்ட் விக்கெட்டுகள் வீழ்த்திய முகமது ஷமி, 2025-26 ரஞ்சி பருவத்தில் வங்காள அணிக்காக முதல் 3 ஆட்டங்களில் 15 விக்கெட்டுகளைக் கைப்பற்றியும் தென்னாப்பிரிக்கத் தொடருக்குத் தேர்வாகவில்லை. அவரது உடல்தகுதி குறித்து தேர்வுக் குழுத் தலைவரும், ஷமியும் வெவ்வேறு விதமாகப் பொதுவெளியில் பேசினர். நான்கு நாள் ஆட்டத்தில் விளையாட முடிந்தவருக்கு டெஸ்டில் விளையாட ஏன் முடியாது என்ற கேள்விக்கு மருத்துவ ரீதியாக விடை இருக்கக்கூடும். அது தெளிவாகச் சொல்லப்படாதபோது, முடிவு சரியாக இருந்தாலும் ஐயம் எஞ்சுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அணியில் இல்லாத நாள்களில் உள்நாட்டு ஆட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்று வீரர்களை பிசிசிஐ வலியுறுத்தி வருகிறது. டெஸ்ட் விளையாட்டை ஊக்குவிக்க, ஒரு பருவத்தில் 75 சதவீதத்துக்கும் அதிகமான டெஸ்ட்களில் களமிறங்குவோருக்கு, ஆட்டத்துக்கு ரூ.15 லட்சம் ஊதியத்துடன் கூடுதலாக ரூ.45 லட்சம் வழங்கும் திட்டத்தை 2024 மார்ச்சில் அறிவித்தது. ரஞ்சியில் விளையாடு என்று சொல்லும் வாரியம், அங்கு சிறப்பாக விளையாடுவோருக்கு அணியிலும் இடமளித்தால்தான் அந்த அறிவுரைக்கு வலுவிருக்கும்.

அடுத்து என்ன?

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் 2025-27 சுழற்சியில் இந்தியா சொந்த மண்ணில் மேற்கிந்தியத் தீவுகளுடன் 2, தென்னாப்பிரிக்காவுடன் 2, ஆஸ்திரேலியாவுடன் 5 என 9 டெஸ்ட்களில் விளையாடும் வகையில் அட்டவணை வகுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 5 ஆட்டங்கள் 2027 தொடக்கத்தில் நடைபெற உள்ளன. இறுதி ஆட்ட வாய்ப்பைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு இருக்கும்.

அதற்கு முன் தேர்வுக் குழுவும் அணி நிர்வாகமும் தெளிவுபடுத்த வேண்டியவை சில. மூன்றாம் இடத்துக்கு ஒருவரை அறிவித்து, அவருக்கு ஒரு தொடர் முழுவதும் வாய்ப்பளிப்பார்களா? ஆடுகளத்தை முதலில் முடிவு செய்து அதற்கேற்ப அணியைத் தேர்வார்களா, அல்லது இருக்கும் வீரர்களின் பலத்துக்கேற்ற ஆடுகளத்தைக் கேட்பார்களா? நீக்கப்படும் வீரரிடம், மீண்டும் இடம்பெற எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நேரில் சொல்வார்களா?

ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான வீரர்கள் ரஞ்சி கோப்பையில் பெரும்பாலும் ஆளில்லாத மைதானங்களில் விளையாடுகின்றனர். தங்களது ரன்களும் விக்கெட்டுகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன என்ற நம்பிக்கையே அவர்களைக் களத்தில் நிறுத்துகிறது. சொந்த மண்ணில் நடைபெறும் டெஸ்ட் தொடருக்கான அணி அறிவிப்பை அவர்கள் ஒவ்வொருவரும் கவனிக்கின்றனர்.