கன்றிலிருந்து போன்சாய்: சிறிதாக்கும் முன் வளர விடுங்கள்

"டீச்சர், சாப்பாடு குடுக்காம வச்சாத்தான் மரம் குட்டையா இருக்குமா?"

போன்சாய் என்றதும் வகுப்பில் எழும் முதல் கேள்வி இதுதான். இல்லை என்பதே விடை. போன்சாய் தனி மர இனமன்று. பட்டினி போட்ட மரமும் அன்று. சாதாரண மரக்கன்றின் வேரையும் கிளையையும் அளவாக வெட்டி, தட்டையான சாடியில் வளர்க்கும் கலை. சீனாவில் தோன்றி, ஜப்பானில் இப்பெயரைப் பெற்றது.

எந்தக் கன்று?

ஜப்பானிய மேப்பிளுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். புக்கிட் மெர்தாஜாமில் அதற்கு வழியில்லை. நமக்குப் புளியும் ஆலும் அரசும் போதும். புளியங்கொட்டையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றலாம். சுவர் வெடிப்பில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்றையும் எடுக்கலாம். ஆனால், செரோக் தோக் குன் போன்ற காட்டுப் பகுதிக்குப் போனால் கன்று பிடுங்காதீர்கள். நிரந்தர வனக் காப்பகத்தில் உரிமமின்றிச் செடி எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

புதியவர் செய்யும் தவறு

நாலு இலை விட்டதுமே கன்றைக் குட்டிச் சாடியில் வைத்துவிடுகிறோம். அப்புறம் தண்டு பென்சில் அளவிலேயே நின்றுவிடும். ஏன்? இலைகள் தயாரிக்கும் உணவுதான் தண்டைப் பருக்க வைக்கிறது. வேருக்கு இடமில்லையென்றால் இலை பெருகாது, தண்டும் பருக்காது.

செய்முறை

1. கன்று இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஆணிவேரின் நுனியை வெட்டுங்கள். பக்கவேர்கள் பரவும். இரு வாரம் நிழலில் வையுங்கள்.
2. பிறகு பெரிய சாடியில், நல்ல வெயிலில், இரண்டு மூன்று ஆண்டு வளர விடுங்கள்.
3. நுனிமொட்டைக் கிள்ளுங்கள். அங்கு உருவாகும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனால் பக்கக்கிளைகள் கிளம்பும். உயிரியல் தேர்வுக்குப் படிக்கும் 'நுனி ஆதிக்கம்' இதுதான்.
4. இளங்கிளையில் அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி மெல்ல வளையுங்கள். கம்பி பட்டையில் பதியும் முன் கழற்றிவிடணும்.
5. தண்டு பருத்த பின், வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், துளையுள்ள தட்டைச் சாடிக்கு மாற்றுங்கள். பருமணலும் செங்கல் துகளும் கலந்த மண்ணில் நீர் தேங்காது.

சாடியில் மண் குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும். தினமும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து நீர் ஊற்றணும். அடித்தட்டில் நீர் நின்றால் ஏடிஸ் கொசு வரும், கொட்டிவிடுங்கள். பள்ளி விடுமுறையில் யார் நீர் ஊற்றுவது என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். பள்ளிச் செடிகள் பெரும்பாலும் சாவது அப்போதுதான்.

கைமாறும் மரம்

ஐந்தாம் ஆண்டு மாணவர் இன்று ஊன்றும் விதை, அவர் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் தட்டைச் சாடி ஏறும். ஆகவே அதை அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும்.

வாஷிங்டனில் ஒரு ஜப்பானிய வெண்பைன் போன்சாய் உள்ளது. 1625 முதல் வளர்க்கப்பட்டு வருவது. யாமாகி குடும்பம் 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகத் தந்தது. 1945இல் ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பிய மரம் அது என்பது, 2001இல் அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் வந்து சொன்ன பிறகே அங்குள்ளவர்களுக்குத் தெரிந்தது. நட்டவர் இல்லை, நீர் ஊற்றும் கை மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த வாரம் ஒரு புளியங்கொட்டையை ஊறப்போடுங்கள்.