பரீக்ஷையும் உப்பளமும்

பங்குனி பிறந்தால் மரக்காணத்து அளங்களில் உப்பு வாரும் வேலை மும்முரமாகும். பத்தாம் வகுப்புப் பொதுப் பரீக்ஷையும் அப்பொழுதே வரும். பெற்றோர் பொழுது விடியுமுன் அளத்துக்கோ வயலுக்கோ போய்விட, அடுப்பையும் தம்பி தங்கையரையும் கவனித்துவிட்டுப் பரீக்ஷை மண்டபத்துக்கு ஓடவேண்டியவர்களாயிருக்கின்றனர் பிரம்மதேசம் முதலிய கிராமங்களின் பிள்ளைகள். இவர்களைப் பரீக்ஷைக்குத் தயார் செய்யும் முறையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.ஸி. பரீக்ஷை ஏற்பட்டது 1911-ம் வருஷத்தில். அன்று முதல் ஏழைப் பிள்ளைக்கு மேற்படிப்பின் வாயிலும் உத்தியோகத்தின் வாயிலும் அதுவே. ஆகவே, பரீக்ஷையே வேண்டாமென்று கூறுவோரோடு நாம் சேரமாட்டோம். சிபார்சுக்கு ஆளில்லாத பிள்ளைக்கு அவன் பெற்ற மார்க்கே சிபார்சு.

ஆனால் நடைபெறும் தயாரிப்பு எத்தகையது? தை பிறந்ததும் வினாவிடைச் சுருக்கங்கள் கையில் ஏறுகின்றன. நூற்றுக்கு 35 மார்க் எப்படியாவது வாங்கிவிட வேண்டுமென்று காலையும் மாலையும் நெட்டுரு நடக்கிறது. 2017-ல் சர்க்கார் ராங்க் பட்டியலை நிறுத்தியது நல்ல காரியமே. எனினும் பள்ளிக்கும் பள்ளிக்கும், ஜில்லாவுக்கும் ஜில்லாவுக்கும் தேர்ச்சி விகிதப் போட்டி ஓயவில்லை. இப்போட்டியில் காப்பாற்றப்படுவது பள்ளியின் பெயரேயன்றிப் பிள்ளையின் அறிவன்று.

இந்நோய் முற்றினால் என்னவாகும் என்பதையும் நாடு கண்டிருக்கிறது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் பல. அதைத் தடுக்க 2018-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீக்ஷை வந்தது; 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதைக் கைவிட்டது. ஒரு பரீக்ஷையின் தீமைக்கு மற்றொரு பரீக்ஷை மருந்தாகாது.

நிற்க. குறை பத்தாம் வகுப்பில் பிறப்பதன்று, அங்கே வெளிப்படுவது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறிய குழந்தை, ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் அறியாத குழந்தை, யாரும் கேளாமலே பத்தாம் வகுப்பை எட்டிவிடுகிறது. இதற்காக இளங்குழந்தைகளைத் தவறவிட வேண்டுமென்பது நமது கருத்தன்று. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுப் பரீக்ஷை வைக்க 2019-ல் பிறந்த உத்தரவு, பலத்த எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் ரத்தானது நியாயமே. வைத்தியன் நாடி பார்ப்பது மருந்து கொடுக்கவே. நோயாளியை வெளியே தள்ள அன்று.

மருந்து இன்னதென்பதை இவ்வட்டாரமே அறியும். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து குழந்தைகள் படிப்பை மறந்த பின், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது மரக்காணத்தையடுத்த முதலியார்குப்பத்திலேதான். 8-ம் வகுப்பு வரையிலுள்ள குழந்தைகளுக்கு, மாலையில், அவர்கள் வசிக்கும் தெருவிலேயே, ஊரிலுள்ள படித்த பெண்களும் இளைஞர்களும் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பத்தாம் வகுப்புக்கு உண்மையான தயாரிப்பு அதுவே.

ஆகவே நாம் கூறுவது இது: ஆனி மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பிலும் கணக்கிலும் எங்கே நிற்கிறதென்று உபாத்தியாயர்கள் கண்டறிய வேண்டும். குறையுள்ள பிள்ளையைப் பழைய பாடத்திலிருந்தே தொடங்கித் தூக்கிவிட வேண்டும். பழைய வினாத்தாள்கள் நேரத்துக்குள் எழுதிப் பழகுவதற்கு உதவட்டும். பாடப் புஸ்தகத்தின் ஸ்தானத்தைப் பெற வேண்டாம். மாலையில் ஒரு விளக்கும், அமைதியான ஓர் இடமும், ஒரு துணையும் கொடுப்பது ஊராரின் கடமை. தவறிய பிள்ளை அடுத்து வரும் துணைப் பரீக்ஷையை எழுதும்வரை அவனைக் கைவிடலாகாது.

பிரம்மதேயம் என்பது முற்காலத்தில் வேதியர்க்கு விடப்பட்ட மானியத்தின் பெயர். கல்வி அன்று சிலரின் பாத்தியதை. இன்று அளத்திலும் வயலிலும் உழைப்போரின் மக்களுக்கும் அது சொந்தம். உப்பெடுக்கும் உரிமைக்காக 1930-ல் வேதாரணியத்தில் தொண்டர்கள் அடிபட்டுச் சிறை புகுந்தனர். அவ்வழி வந்தவரென்று பெருமை பேசும் நம் தொண்டர்கள், உப்பு விளைவிப்போரின் குழந்தைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கொடுக்கலாகாதா?