சிபாரிசுக் கடிதத்தின் விலை

ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர் தம் வாழ்நாளில் எத்தனையோ நற்சான்றுகளை எழுத நேர்கிறது. நான் எழுதியவற்றுள் ஒன்று மட்டும் இன்றும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்னர் பழைய மாணாக்கன் ஒருவன் அரசாங்க உத்தியோகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தான். நியமனம் செய்யும் அதிகாரியோ என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர். "ஐயா, உங்கள் கைப்பட இரண்டு வரி எழுதித் தந்தாற் போதும்" என்றான். எழுதிக் கொடுத்தேன். உத்தியோகமும் கிடைத்தது. அவனிலும் கெட்டிக்காரனான இன்னொரு மாணாக்கன் அதே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தான் என்பது பின்னரே தெரிய வந்தது. அவன் என்னிடம் வரவில்லை.

ஒருவனுக்குச் செய்த உதவி, மற்றவனுக்கு இழைத்த அநீதி; இவ்வளவே அக்கடிதத்தின் கணக்கு என்று இதுகாறும் எண்ணியிருந்தேன். இக்கணக்கில் மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு என்பதைப் பொருளியலாளர் குவோ சூ என்பார் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி எனக்கு உணர்த்தியது.

அவர் ஆராய்ந்தது பிரித்தானியப் பேரரசின் தேசாதிபதிகளை. 1854 முதல் 1966 வரையுள்ள உத்தியோகப் பதிவேடுகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் தேடித் தொகுத்தார். ஒவ்வொரு குடியேற்ற நாட்டுக்கும் தேசாதிபதியின் சம்பளம் வரையறுக்கப்பட்டிருந்தது. கூடிய சம்பளம் வேண்டுமாயின் பெரிய நாடொன்றுக்கு மாற்றம் பெறவேண்டும். அம்மாற்றத்தை அளிப்பவர் இலண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு மந்திரி. அவரும் தேசாதிபதியும் உறவினராகவோ, இருவரும் பிரபு குடும்பத்தவராகவோ, ஒரே கல்விக்கூடத்திற் பயின்றவராகவோ இருந்தால் நிகழ்வது என்ன என்பதே ஆராய்ச்சியின் வினா.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தேசாதிபதி தம் நாட்டில் இருக்கும்போதே இலண்டனில் மந்திரிகள் மாறிக்கொண்டிருந்தனர். இன்று தம்மவர் மந்திரி. நாளை யாரோ ஒருவர். ஆகவே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அதே மனிதரை அவரோடேயே ஒப்பிட முடிந்தது. முடிவு யாது? தம்மவர் மந்திரியாக இருந்த காலத்தில் தேசாதிபதிகள் கூடிய சம்பளமுள்ள நாடுகளைப் பெற்றனர். ஆனால், அக்காலத்திலேயே அவர்கள் வரி விலக்குகளை மிகுதியாக வழங்கினர்; அரசிறை குறைந்தது; பொதுவேலைகளில் இட்ட முதலும் குறைந்தது.

வரி குறைந்தாற் குடிகளுக்கு நன்மைதானே என்று கேட்கலாம். அந்நிய ஆட்சியின் திறமையை அது திரட்டிய வரியால் அளப்பது தகுமா என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் விலக்கு என்பது அதனைக் கேட்டுப் பெறும் வலிமையுள்ளவர்களுக்கே எட்டுவது. அதனாற் குறையும் பணமோ ஊரார் நடக்கும் தெருவிலும் பாலத்திலும் குறைந்துவிடுகிறது.

நம் நாட்டுக் கதையும் இதனோடு தொடர்புடையது. இலங்கைச் சிவில் சேவையிற் சேர விரும்பியோர் போட்டிப் பரீட்சை எழுதினர். 1875 இல் பொன்னம்பலம் அருணாசலம் அவ்வழியே தேறி அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் ஆனார். கீழிருந்தோருக்குப் பரீட்சை, மேலிருந்த தேசாதிபதிக்கோ பரீட்சை இல்லை. 1872 இல் வந்த சேர் வில்லியம் கிறகரி பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அதற்கு முன் எந்தக் குடியேற்ற நாட்டையும் ஆண்டவரல்லர். 1883 இல் வந்த சேர் ஆதர் கோடன் முன்னாட் பிரதம மந்திரி அபடீன் பிரபுவின் மைந்தர்.

எனினும் கிறகரியின் காலத்திலேதான், 1873 இல், வடமத்திய மாகாணம் அமைந்தது. 1877 இல் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. ஆகவே பரீட்சையின்றி வந்தவரெல்லாம் திறமையற்றவர் என்று கொள்வதற்கில்லை. 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் ஆளைத் தேர்வதைப் பற்றிக் கவலைப்பட்டார். இந்த ஆராய்ச்சியோ தேர்ந்த பின் நிகழ்வதையும் காட்டுகிறது. திறமையுள்ளவனும், தன் உயர்வு வேலையில் அன்றி வேண்டியவரிடத்தில் தங்கியிருக்கிறது எனக் கண்டால், வேலையில் தளர்ந்துவிடுகிறான்.

1930 இல் வொறன் பிஷர் குழுவின் விதப்புரைப்படி பழைய நியமன முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் இவ்வேறுபாடுகள் மறைந்தன என்கிறார் ஆராய்ச்சியாளர். மனிதர் ஒரே இரவில் உத்தமராகி விடவில்லை. விதி மாறியது, நடத்தையும் மாறியது. எனக்கு மிகுந்த ஆறுதல் அளித்த பகுதி இதுவே.

சென்ற மாதம் ஓர் இளைஞன் தன் தகப்பனாருடன் என் வீட்டுக்கு வந்திருந்தான். கேட்டது அதே இரண்டு வரி. "தம்பி, உன் படிப்பையும் ஒழுக்கத்தையும் பற்றி நான் அறிந்ததை நேர்முகத் தேர்வுக் குழுவுக்கு முறைப்படி எழுதுகிறேன். என் நண்பருக்குத் தனிக் கடிதம் எழுதமாட்டேன்" என்றேன். தகப்பனாரின் முகம் வாடியது. தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். ஊரில் இனி என்னைப் பற்றி என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

அந்தப் பழைய மாணாக்கன் என்னிடம் வராததன் காரணத்தை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பரீட்சையை அவன் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையை ஊட்டியவனும் நான். அதனைப் பொய்யாக்கியவனும் நானே.