சாய்ந்தும் விழாத கோபுரமும் அதன் நகரமும்

(இளநிலை அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

‘பைசா’ என்று எங்கள் வீட்டில் சொன்னால் காசு என்றுதான் பொருள் கொள்வார்கள். அப்பெயரில் இத்தாலி நாட்டில் ஒரு நகரம் இருப்பதும், அங்கே ஒரு கோபுரம் நூற்றாண்டுகளாகச் சாய்ந்தபடியே நிற்பதும் பள்ளிப் பாடநூலில் வந்த சிறு படம் ஒன்றால் நான் அறிந்தவை. சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற நூலில் அக்கோபுரத்தின் பெரிய வண்ணப் படம் இருந்தது. கொத்தனார் வேலை முடிந்து வந்த என் அப்பா, கையைத் துடைத்துக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர்.

“ஏம்ப்பா, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமலா கட்டினாங்க? கோணிப் போச்சுன்னு தெரிஞ்ச பிறகும் இடிக்காம ஏன் வச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. முதற்பருவத் தேர்வில் கணிதத் துணைப்பாடத்தில் தவறி, ‘அரியர்’ விழுந்ததை வீட்டில் சொல்ல வாய் வராமல், படிப்பையே விட்டுவிடலாமா என்று நான் எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. கோணியதை ஏன் இடிக்கவில்லை என்ற கேள்வி, அப்பா அறியாமலே என்னைத் தைத்தது. விடை தேடிப் படித்தேன். நான் பைசாவைக் கண்ணால் கண்டவன் அல்லன். ஆயினும் நம்மில் யாரேனும் ஒருநாள் அங்கே செல்லக்கூடும். அவர்கள் எவற்றைக் காண வேண்டும் என்பதைப் படித்த அளவில் இங்கே கூறுகிறேன்.

அற்புதங்களின் திடல்

டஸ்கனி மாநிலத்தில், ஆர்னோ ஆற்றின் கரையில் அமைந்தது பைசா. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் கடல் வாணிபத்தால் செழித்த தனிக் குடியரசு அது. அந்தச் செல்வத்தின் அடையாளமாக, பசும்புல் விரிந்த திடல் ஒன்றில் நான்கு வெண்கற் கட்டடங்கள் நிற்கின்றன. அவை பேராலயம், திருமுழுக்கு மண்டபம், மணிக்கோபுரம், கல்லறை மண்டபம் என்பன. ‘அற்புதங்களின் திடல்’ என்று இதனை அழைக்கின்றனர். 1987-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. உலகறிந்த சாய்ந்த கோபுரம் தனிக் கட்டடம் அன்று. அப்பேராலயத்தின் மணிக்கோபுரமே அது.

கோபுரம் கோணிய கதை

1173-இல் கோபுர வேலை தொடங்கிற்று. மூன்று மீட்டர் ஆழமே கொண்ட அடித்தளம். அதன் கீழே மெல்லிய களிமண்ணும் மணலும். 1178-இல் மூன்றாம் நிலை எழும்போதே சாய்வு தெரிந்துவிட்டது. பின்னர்ப் போர்களால் வேலை நின்றது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நின்றே கிடந்தது.

அந்த இடைவெளிதான் கோபுரத்தைக் காத்தது என்கின்றனர் மண் பொறியியல் வல்லுநர். பாரத்தின் கீழ்க் களிமண்ணிலிருந்து நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, மண் இறுகியது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே சரிந்திருக்கும்.

1272-இல் வேலை மீண்டும் தொடங்கியபோது, தாழ்ந்த பக்கத்தில் சுவரைச் சற்று உயர்த்திக் கட்டினார்கள். ஆகவே கோபுரம் சாய்ந்தது மட்டுமன்று, வாழைப்பழம் போல் லேசாக வளைந்தும் இருக்கிறது. இதைச் சொன்னபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “நாங்களும் அப்படித்தாம்ப்பா சரிக்கட்டுவோம்” என்றார். உச்சியிலுள்ள மணி மண்டபம் முடிந்தது 1372-இல். 56 மீட்டர் உயரமும் சுமார் 14,500 டன் எடையும் கொண்ட எட்டு நிலைக் கோபுரம் எழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

மண்ணை எடுத்து நிமிர்த்தினர்

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் செங்குத்துக் கோடு அதன் அடிப்பரப்புக்குள் விழும் வரை அப்பொருள் கவிழாது என்று படித்திருக்கிறோம். பைசா கோபுரத்திலும் அக்கோடு உள்ளேதான் விழுகிறது. அப்படியானால் அச்சம் எதற்கு? பாடநூலின் தரை வளையாதது. பைசாவின் தரையோ பாரத்துக்கு இளகிக் கொடுப்பது. ஆண்டுதோறும் சாய்வு கூடியது. தாழ்ந்த பக்கத்துக் கற்கள் நசுங்கும் ஆபத்தும் இருந்தது. 1934-இல் அடித்தளத்தில் துளையிட்டுச் சிமெண்டுக் கலவையைச் செலுத்தினர். சாய்வு குறைவதற்குப் பதில் கூடிற்று.

1989-இல் பாவியா என்ற மற்றோர் இத்தாலிய நகரில் பழைய கோபுரம் ஒன்று இடிந்து நால்வர் மாண்டனர். உடனே விழித்துக்கொண்ட அரசு, 1990 சனவரியில் பைசா கோபுரத்தை மூடியது. வல்லுநர் குழு முதலில் உயர்ந்திருந்த வடபுறத்தில் ஈயக் கட்டிகளை ஏற்றியது. பின்னர் 1999 முதல் 2001 வரை, அந்த வடபுறத்தின் அடியில் சாய்வாகக் குழாய்களைச் செலுத்தி மண்ணைச் சிறிது சிறிதாக உருவி எடுத்தனர். கோபுரம் தானே மெல்லப் பின்வாங்கியது. உச்சியில் சுமார் 45 செ.மீ. நிமிர்ந்தது; ஐந்தரை பாகையாக இருந்த சாய்வு ஏறத்தாழ நான்கு பாகையாயிற்று. 2001 டிசம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டனர்.

“தாழ்ந்த பக்கத்தைத் தூக்கலே, ஒசந்த பக்கத்தை எறக்கியிருக்காங்க!” என்று அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. 1280 முதல் அப்பகுதியைத் தாக்கிய வலிய நிலநடுக்கங்கள் குறைந்தது நான்கிலும் கோபுரம் தப்பியிருக்கிறது. உயரமும் விறைப்பும் கொண்ட கோபுரம் மெல்லிய மண்ணில் நிற்பதால், அதன் அதிர்வு நில அதிர்வோடு ஒத்திசைவதில்லை என்று 2018-இல் ஆய்வாளர் விளக்கினர். சாய்த்த மண்ணே காத்த மண்ணும் ஆயிற்று!

விளக்கும் ஊசலும்

பேராலயம் 1118-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் நடுவே தொங்கும் வெண்கல விளக்கு ‘கலிலியோவின் விளக்கு’ எனப்படுகிறது. 1564-இல் இந்நகரில் பிறந்த கலிலியோ, மாணவராக இருந்தபோது ஆலய விளக்கு ஆடுவதைக் கண்டு, தம் நாடித்துடிப்பால் நேரம் அளந்து, வீச்சு குறைந்தாலும் அலைவு நேரம் மாறவில்லை என்று உணர்ந்தாராம். இது அவருடைய சீடர் விவியானி சொன்ன கதை. நிகழ்ச்சி நடந்ததாகக் கூறும் ஆண்டு 1583. இன்றுள்ள விளக்கோ 1587-ஆம் ஆண்டினது. கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்ட கதையையும் அவரே எழுதினார். அறிஞர் பலர் அதனை ஐயுறுகின்றனர். ஆனால் ஊசலைக் கலிலியோ ஆராய்ந்தது உண்மை. முதலாண்டு ஆய்வகத்தில் தனி ஊசலை ஆட்டி, இருபது அலைவுகளை எண்ணி நாம் ‘g’ கண்டதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் கலிலியோ 1581-இல் பைசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்து, 1585-இல் பட்டம் பெறாமலே வெளியேறியவர். 1589-இல் அதே பல்கலைக்கழகத்துக்குக் கணிதப் பேராசிரியராகத் திரும்பினார். இவ்வரியை நான் இருமுறை படித்தேன்.

எதிரொலியும் எண்களும்

வட்ட வடிவான திருமுழுக்கு மண்டபம் 1152-இல் தொடங்கி 1363-இல் முடிந்தது. அதனுள்ளே ஒருவர் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினால், முதற் சுரத்தின் ஒலி அடங்குமுன் அடுத்தது சேர்ந்து, பலர் கூடிப் பாடுவது போல் ஒலிக்குமாம். ஒலியியல் படிப்போர் அவசியம் கேட்க வேண்டிய இடம்.

கல்லறை மண்டபம் 1278-இல் தொடங்கப்பட்டது. 1944 சூலையில் குண்டு விழுந்து கூரை எரிந்து, உருகிய ஈயம் சுவரோவியங்கள் மேல் வழிந்தது. பல்லாண்டு உழைத்து அவற்றைச் செப்பனிட்டிருக்கிறார்கள். அங்கே ஃபிபொனாச்சி எனப்படும் லியனார்டோவின் சிலை உண்டு. வட ஆப்பிரிக்காவில் அலுவல் பார்த்த தந்தை, மகனைக் கணக்குப் பயில அங்கே வரவழைத்தார். நம் நாட்டு இலக்கங்களை அங்கே கற்ற லியனார்டோ, 1202-இல் எழுதிய நூலால் அவற்றை ஐரோப்பாவில் பரவச் செய்தார். இந்தியாவில் தோன்றிய சுழியம் ஐரோப்பியர் கணக்கேட்டில் ஏறியதில் இந்நகரத்தார் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு.

ஆற்றங்கரையில்

திடலோடு திரும்பிவிடாமல் ஆர்னோ கரைக்கும் செல்ல வேண்டும். அங்குள்ள சாந்தா மரியா தெல்லா ஸ்பினா என்ற சிற்றாலயம் வெள்ளத்தால் கெடாதிருக்க, 1871-இல் கல் கல்லாகப் பிரித்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்த்தித் திரும்பக் கட்டப்பட்டது. வீரர் சதுக்கத்தில் 1810-இல் நிறுவப்பட்ட உயர்கல்விக் கழகம் இருக்கிறது. அணு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற என்ரிக்கோ ஃபெர்மி 1918 முதல் 1922 வரை அங்கே பயின்றவர்.

நிறைவாக

நூறு ஆண்டு வேலை நின்ற கதையைச் சொன்ன அன்றிரவே, என் அரியரைப் பற்றியும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “வேலை நின்னாப் பரவாயில்லே, மண்ணு இறுகும். சாரத்தை மட்டும் பிரிச்சுப் போட்டுடாதே” என்றார்.

அடுத்த பருவத்தில் அத்தாளை மீண்டும் எழுதினேன். 54 மதிப்பெண். நூலை நூலகத்தில் திருப்பிக் கொடுக்குமுன், அப்பா அந்தப் படத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிப் பார்த்தார்.