சேறு உறையாத கரை

மார்கழி, தை மாதங்களில் கோடியக்கரைக்கு வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது பூநாரையைத்தான். தப்பில்லை, நல்ல அழகு. ஆனால் என்னைக் கேட்டால், அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன் காலடியில் சேற்றின் நிறத்திலேயே ஓடித் திரியும் உள்ளான்களின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பச் சொல்வேன். கொசு உள்ளான் ஊர்க்குருவி அளவுதான் இருக்கும், எடை முப்பது கிராமுக்கு மேல் போவது அரிது. அது முட்டையிலிருந்து வெளிவந்ததோ ஆர்க்டிக் கரையோரம், மரம் முளைக்காத துந்திரா வெளியில்.

குளிர் தாங்காமல் ஓடி வருகின்றன என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். இறகுப் போர்வை உள்ள பறவைக்குக் குளிர் அவ்வளவு பெரிய எதிரி அல்ல. டார்மிகன் என்ற கோழியினம் செடி மொட்டையும் குச்சியையும் கொறித்துக்கொண்டு பனிக்காலம் முழுக்க வடக்கிலேயே காலம் தள்ளுகிறது. உள்ளானுக்குப் பிரச்சினை வயிறு. அதன் சாப்பாடு ஈரமண்ணுக்குள் இருக்கும் புழுவும் பூச்சியும். மண் உறைந்தால் அலகு இறங்காது, அலகு இறங்காவிட்டால் பட்டினி. ஆகவே அது தேடி வருவது உறையாத சேற்றை. வேதாரண்யம் சதுப்பு நிலத்திலும் அதை ஒட்டிய உப்பளங்களிலும் அதற்குக் குறைவே இல்லை. கோடியக்கரை 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்த இடம்.

காலையில் வெயில் முதுகில் படும்படி நின்றுகொண்டு அலகுகளைக் கவனியுங்கள். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிது. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், சேற்றின் மேல் எது அசைகிறது என்று பார்த்துக் கொத்தும். நீண்டு வளைந்த அலகுள்ள கர்லூ உள்ளானோ தலை நிமிர்வதே அபூர்வம். அரிசி மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி செருகிப் பார்ப்பதுபோல, அலகைச் செருகிச் செருகி எடுத்தபடியே நடக்கும். குருட்டாம்போக்கில் குத்துவதாகத் தோன்றும், அப்படியில்லை. அலகு நுனியின் எலும்பில் பொடிப்பொடியாகக் குழிகள். அவற்றுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள். போதாததற்கு, மேல் அலகின் நுனியை மட்டும் தனியே வளைத்துத் திறக்கவும் அதற்குத் தெரியும். வாய் நிறையச் சேறு புகாமல், உள்ளே இருக்கும் புழுவை அங்கேயே கவ்விவிடும்.

இதற்கு நெருங்கிய உறவுக்காரன் நாட் உள்ளான். அதை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர் தியூனிஸ் பியர்ஸ்மாவும் குழுவினரும் செய்த சோதனை ஒன்று 1998-இல் வெளிவந்தது. மணலுக்குள் புதைத்த பொருளை அந்தப் பறவை கண்டுபிடித்தது. புழுவின் அசைவும் வாசனையும் காட்டிக்கொடுக்கின்றனவோ என்றால், கல்லைப் புதைத்தாலும் கண்டுபிடித்தது! ஆனால் மணல் காய்ந்திருந்தால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. விஷயம் தண்ணீரில் இருக்கிறது. அலகை அழுத்தும்போது மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீர் நெருக்கப்படுகிறது. பக்கத்தில் கெட்டியான பொருள் இருந்தால் நீர் அதைக் கடந்து போக முடியாது. அந்தப் பக்கம் அழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அலகு நுனி படித்துவிடுகிறது. சேற்றில் ஈரம் இருக்கிறவரைக்கும்தான் இந்த வித்தை பலிக்கும்.

அதனால்தான் கோடியக்கரையில் தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டி நீர் நிறைந்து கிடக்கும்போது நெடுங்கால் பறவைகளுக்குக் கொண்டாட்டம், உள்ளான்கள் ஓரங்களில் ஒதுங்கும். மழை ஓய்ந்து நீர் வடிய வடிய, புதிதாகத் தலைகாட்டும் சேற்றுக்கு அவை படையெடுக்கும்.

கர்லூ உள்ளானின் குடும்ப விவகாரம் இன்னும் விசித்திரம். சைபீரியாவின் தைமிர் போன்ற பகுதிகளில் அது கூடு கட்டுவது ஜூனில். இணை சேர்ந்த பிறகு ஆணுக்கு அங்கே வேலை இல்லை, ஜூலையிலேயே தெற்கே கிளம்பிவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளுக்குக் காவல் இருப்பதும் பெண். குஞ்சுகள் தேறும் சமயத்தில் அதுவும் புறப்பட்டுவிடும். இளம் பறவைகள் சில வாரம் கழித்து, பெரியவர்கள் துணையில்லாமல், ஒருமுறைகூடப் பார்த்திராத தெற்கை நோக்கிப் பறக்கின்றன. திசை பிறவியிலேயே பதிந்திருக்கிறது. சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் மூன்றையும் பறவைகள் துணைக்கு வைத்துக்கொள்கின்றன. இப்படி வந்து சேரும் இளசுகளில் பெரும்பாலானவை அடுத்த கோடையில் வடக்கே திரும்புவதில்லை, தெற்கிலேயே தங்கிவிடும்.

எத்தனை இளசுகள் வரும் என்பது ஒரு எலியின் கையில் இருக்கிறது. துந்திராவில் லெம்மிங் என்ற எலியினம் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிப் பிறகு சட்டென்று அருகிப்போகும். பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிக்கு அதுவே போதும். அருகிய ஆண்டில் நரி உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடிப் போகும். தென்னாப்பிரிக்கக் கரையிலும் ஆஸ்திரேலியக் கரையிலும் ஆண்டுதோறும் இளம் பறவைகளைக் கணக்கெடுத்தவர்கள், அவற்றின் எண்ணிக்கை இந்த எலிகளோடு சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டார்கள். இளசை அடையாளம் காண்பது கஷ்டமில்லை; முதுகு இறகுகளின் ஓரம் வெளுத்து, மீன் செதில் அடுக்கியதுபோல் தெரியும். குளிர்கால இறகு முளைத்தபின் அது மறையத் தொடங்கும். ஆகவே எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தை மாதத்துக்குக் காத்திராமல், புரட்டாசியிலேயே ஒரு நடை போய் வருவது நல்லது.